மஞ்சள் விழுந்த பால் சோளம்

பச்சையம்மா வருஷத்தில் மூன்று சோளம் போடுவாள். மூன்றும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்பது அவள் சட்டம். ஆடிப்பெருக்கன்று பால் சோளம் விதைப்பாள். அதன் கதிரெல்லாம் ஒடித்து, தட்டை வெட்டி, நிலம் காலியான பிறகு தை மாதம் பொரி சோளம். கிணற்றோரம் எருமைக்காக மாட்டுச் சோளம் எப்போதும் நிற்கும், ஆனால் அதை இடுப்பளவு வளர்ந்ததும் அரிந்து போட்டுவிடுவாள். "இன்னும் பதினைந்து நாள் விட்டால் இரண்டு கட்டு கூடக் கிடைக்குமே" என்று ஒருமுறை கேட்டேன். "பூத்துச்சுன்னா அதுக்கு ஆச வந்துடும் சார்" என்றாள். நான் சிரித்தேன். எனக்குத் தெரியாத தாவரவியலா?

சோளம் என்று நான் சொல்வது மக்காச்சோளத்தை. எங்கள் அஸ்தினாபுரத்தில் யாரும் மக்காவைச் சேர்த்துச் சொல்வதில்லை. என் பெயர் தயாளன். தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். எண்பத்துமூன்றில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தபோது என் கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் பச்சையம்மாவின் நிலம் இருந்தது. அரை ஏக்கருக்கும் குறைவு. ஒரு கிணறு, ஓர் எருமை, ஓர் ஓலைக் கொட்டகை. சுற்றிலும் மனைக்கல் நட்டாகிவிட்டது. அவள் மைத்துனன்மார் தங்கள் பங்கை விற்று ஆளுக்கொரு மாடி வீடும் ஒரு ஸ்கூட்டரும் வாங்கிவிட்டார்கள். புருஷன் குரோம்பேட்டை தோல் ஷெட்டில் வேலை பார்த்து, நெஞ்சில் சளி கட்டிச் செத்துப் போனவன். ஒரே மகளைக் கீழ்க்கட்டளையில் கொடுத்திருந்தாள்.

"நீயும் வித்துட வேண்டியதுதானேம்மா?" என்று ஊரே கேட்டது. நானும் கேட்டேன்.

"வித்துட்டு? பேங்குல போட்டுட்டு அத்தப் பாத்துகினு குந்திகினு இருக்கிறதா? எனுக்கு குந்தத் தெரியாது சார்."

உண்மைதான், அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சோளத்தில் அவள் வீணாக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. பால் சோளத்தின் மணி பெரியது, பச்சரிசி வெள்ளை. நகத்தால் கிள்ளினால் பால் தெறிக்கும். அவித்தால் ஆறின பிறகும் மெத்தென்றிருக்கும், சுட்டால் தோல் கருகினாலும் உள்ளே இனிக்கும். முற்றினதை உடைத்துச் சோறாக்குவாள், நொய்யில் கஞ்சி, மாவைக் கேழ்வரகோடு கலந்து ஆடிக் கூழ். பொரி சோளம் வேறு ஜாதி. கதிர் ஒரு சாண்கூட இருக்காது, மணி மாதுளை முத்து மாதிரி சிவப்பாக, கூராக இருக்கும். அதை அவித்துத் தின்றால் பல் போய்விடும். ஆனால் சூட்டு மணலில் போட்டால் வெடித்து வெள்ளையாகச் சட்டியை நிறைக்கும். கதிரின் நுனியில் தொங்கும் நூல் மாதிரியான முடியைக்கூட விடமாட்டாள். காயவைத்து, நீர்க்கடுப்பு என்று வருகிறவர்களுக்குக் கஷாயத்துக்குக் கொடுப்பாள். மணி உதிர்த்த சக்கை அடுப்புக்கு.

ஐப்பசி வந்தால் வெள்ளிக்கிழமைதோறும் மூட்டை கட்டிக்கொண்டு பல்லாவரம் சந்தைக்குப் போவாள். அங்கே துளசிங்கம் என்று ஒருவன், சினிமா தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியில் அவித்த சோளம் விற்கிறவன், அவள் மூட்டையில் பாதியை அப்படியே எடுத்துக்கொள்வான். "பச்சம்மா சோளம், பால் சோளம்" என்றுதான் கூவி விற்பான். வேறு யாருடைய பெயரைச் சொல்லியாவது அந்த ஊரில் சோளம் விற்றதுண்டா? அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. காட்டிக்கொள்ள மாட்டாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன்.

எண்பத்தாறில் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக மகரந்தச் சேர்க்கையைச் செடியிலேயே காட்டலாம் என்று எனக்கு யோசனை வந்தது. எங்கேயோ ஒரு விவசாயக் கண்காட்சியில் வாங்கிய மஞ்சள் ஒட்டுச் சோள விதை ஒரு பொட்டலம் இருந்தது. சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் கொடியேற்றிவிட்டு வந்த கையோடு வேலி ஓரம் நாற்பது விதை ஊன்றினேன். ஜம்மென்று வளர்ந்தது. என் மனைவி கிருபாவிடம், "பார், நம் வீட்டுச் சோளம் அந்தம்மா சோளத்தைவிட உயரம்" என்று பீற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலையில் பச்சையம்மா வேலி ஓரம் வந்து நின்றாள். கையில் எங்களுக்கு என்று ஒரு கட்டு முளைக்கீரை.

"சார், உன் சோளம் நாளைக்கு நாளான்னிக்கு பூ வுட்டுடும் போல கீது. அத்தோட தலைய மட்டும் கிள்ளிப் போட்டுட்றியா? என்து இப்பத்தான் முடி வுட்டுகினு கீது. உனக்கு கதிரு வோணும்னா என்துல எவ்ளோ வோணாலும் ஒடிச்சுக்கோ."

"ஏன், என் செடி இருந்தால் உனக்கு என்ன?"

"இல்ல சார், உன் வூட்டு சோளம் பட்டா என் சோளத்துக்குத் தீட்டாயிடும்."

தீட்டு!

அந்த வார்த்தை உங்களுக்கு எப்படியோ எனக்குத் தெரியாது. எங்கள் தாத்தா ஞானஸ்நானம் வாங்கியதே அந்த வார்த்தையிலிருந்து தப்பிக்கத்தான். செங்கல்பட்டுப் பக்கத்தில் என் அப்பாவுக்கு டீக்கடையில் தனி கிளாஸ் வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு அதை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். படித்தேன், வாத்தியாரானேன், சொந்த வீடு கட்டினேன். என் வீட்டு வேலியில் வந்து நின்று, என் மண்ணில் முளைத்தது பட்டால் தீட்டு என்கிறாளே! எனக்குச் சாதாரணமாகவே மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"எங்க செடி காத்துகூட உங்க மேல படக் கூடாதோ? இந்தக் காலத்துல வந்து இப்படிப் பேச வெட்கமா இல்ல?"

"ஐயய்யோ, நான் அத்த சொல்லல சார். சோளத்துத் தீட்டு சார் அது..."

"போதும்மா. எந்தத் தீட்டுன்னு எனக்குத் தெரியும்."

கீரைக் கட்டை வாங்காமல் கதவைச் சாத்தினேன். அது வேலியின் மேலேயே சாயந்திரம் வரை வாடிக்கொண்டு கிடந்தது. கிருபா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அவங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க. நம்ம வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கிறாங்க. என்னமோ சோளத்துக்குச் சொல்றாங்க. கிள்ளிப் போட்டுடுங்களேன்" என்றாள். பேசாமல் இரு என்று அவள் மேலும் விழுந்தேன்.

அதோடு விட்டேனா? கிள்ளாதது மட்டுமல்ல, மறுநாளிலிருந்து இரண்டு வேளை தண்ணீர் விட்டேன். பூத்துக் குலுங்கட்டும் என்று விட்டேன். மேற்குக் காற்று அடித்தபோது என் செடிகளின் உச்சியிலிருந்து மஞ்சள் தூள் பறந்து வேலி தாண்டிப் போனது. காலைக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தேன். பச்சையம்மா அந்தப் பத்து நாளும் வேலிப் பக்கம் வரவில்லை. தன் நிலத்தின் மேற்கு ஓரத்தில் கிழிந்த கோணிகளைக் கழியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பைத்தியக்காரி என்று நினைத்தேன்.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டதும் வெங்காயம் வாங்கப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பச்சையம்மா வழக்கமாகக் கோணி விரிக்கும் இடத்தில் கூட்டம். துளசிங்கம் ஒரு கதிரை உரித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். வெள்ளை மணிகளுக்கு நடுவே அங்கங்கே மஞ்சள். ஒன்றிரண்டல்ல, முப்பது நாற்பது. காலடியில் உரித்துப் போட்ட ஏழெட்டுக் கதிரிலும் அப்படியே.

"இன்னாம்மா இது? கோழித் தீவனத்துக்குப் போட்ற சோளத்த எடுத்துகினு வந்து எங்காண்ட பால் சோளம்னு தள்றியே, நாயமா? போன வாரம் ரெண்டு பேரு வண்டியாண்ட வந்து சண்ட போட்டுட்டுப் போனானுங்க. பல்லுல மாட்டிகிதாம்!"

"துளசிங்கம், வெத என் வெத தான்டா. பக்கத்து வூட்டுது பட்டுட்ச்சு. சாரு வூட்டுது."

அப்போதுதான் நான் நிற்பதை அவள் பார்த்தாள். துளசிங்கமும் திரும்பினான். அவனுக்கு என்னைத் தெரியும். அவன் அண்ணன் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். "தோ, சாரே வந்துட்டாரே! சயின்ஸ் வாத்தியாரு. சார், நீயே சொல்லு சார். பக்கத்துச் செடி தூளு பட்டா இந்தக் கதிரு இப்டி ஆவுமா?"

சந்தையே என்னைப் பார்த்தது. வகுப்பறைக் குரலில் சொன்னேன்: "தூள் பட்டா அடுத்த தலைமுறைச் செடியிலதான் வித்தியாசம் தெரியும். இந்தக் கதிரிலேயே தெரியாது. பங்கனப்பள்ளி மரத்துப் பக்கத்துல நாட்டு மாமரம் பூத்தா, பங்கனப்பள்ளிப் பழம் புளிச்சுப் போகுமா? விதை போடும்போதே கலந்திருக்கு. அவ்வளவுதான்."

"அப்டிப் போடு!" என்றான் ஒருவன். துளசிங்கம் கையிலிருந்த கதிரைக் கோணிமேல் எறிந்தான்.

இதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் நம்பியதால் மட்டும் சொல்லவில்லை. சொல்லும்போது எனக்கு ருசியாக இருந்தது. பச்சையம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் திறந்தால் ஊரை இரண்டாக்குகிற பொம்பளை, அன்றைக்குத் தலையைக் குனிந்து கதிர்களைப் பொறுக்கிக் கோணியில் போட்டாள். குற்றம் செய்தவள், அதனால்தான் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு வெங்காயம் வாங்கினேன்.

அடுத்த வெள்ளி அவள் போனாள். யாரும் வாங்கவில்லை. "கோழிச் சோளம் பச்சம்மா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த வெள்ளி போகவில்லை. அந்த வருஷத்துக் கதிரில் முக்கால்வாசி எருமைக்குப் போனது.

நவம்பர் நடுவில் பிளஸ் டூ வகுப்பில் கருவுறுதல் பாடம் வந்தது. ஏழெட்டு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு போடும் படம். கரும்பலகையில் சூலகம், அதற்குள் முட்டை, மேலே மகரந்தக் குழாய். அதிலிருந்து இரண்டு ஆண் அணுக்கள் இறங்குகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று பக்கத்து உட்கருக்களோடு சேர்ந்து அந்தக் கருவுக்குச் சாப்பாடாகும் சதையை உண்டாக்குகிறது. "இதற்குப் பெயர் இரட்டைக் கருவுறுதல். உதாரணம், மக்காச்சோளம்" என்று எழுதினேன். எழுதின கை அப்படியே நின்றது.

மாம்பழத்தில் நாம் தின்பது தாயின் சதை. சோளத்தில் நாம் தின்பது மணி. அந்த மணியின் சதையில் தகப்பனுக்கும் பங்கு உண்டு. தகப்பன் மஞ்சளானால் மணி அன்றைக்கே, அந்தக் கதிரிலேயே மஞ்சள். இதை நானே ஏழெட்டு வருஷமாக உதாரணத்தோடு எழுதிப் போட்டிருக்கிறேன்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டுச் சுரைக்காய் உதவாமல் போனதோடு நிற்கவில்லை, அடுத்தவள் சோற்றில் மண்ணும் போட்டது. வயிறு வலி என்று சொல்லிவிட்டு வகுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் செடியில் மிச்சமிருந்த கதிர்களை உரித்துப் பார்த்தேன். எல்லாம் மாசில்லாத மஞ்சள். அவளுடைய வெள்ளை என்னுடையதிலும் பட்டுத்தானிருக்கும். ஆனால் மஞ்சள் மேல் வெள்ளை பட்டால் தெரியாது. வெள்ளை மேல் மஞ்சள் பட்டால்தான் ஊருக்கே தெரியும்.

போய்ச் சொல்ல எனக்கு ஆறு நாள் பிடித்தது. கிருபாதான் தள்ளிவிட்டாள். மழை விட்ட ஒரு சாயங்காலம் போனேன். பச்சையம்மா கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தாள். முதன்முறையாக அவள் உட்கார்ந்து பார்க்கிறேன். மடியில் காய்ந்த கதிர். கட்டை விரல் நகத்தால் மஞ்சள் மணிகளைத் தெறித்து ஒரு பக்கம் தள்ளி, வெள்ளையை மட்டும் முறத்தில் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"வெதைக்கு சார். மஞ்சளு வந்தது கெட்டது. வெள்ளையா கீறது சுத்தம். சோளம் மறைக்காது சார், தானே காட்டிக் குடுத்துடும்."

நின்றபடியே சொன்னேன். தப்பு என் மேல்தான், என் செடியால்தான் ஆனது, சந்தையில் நான் சொன்னது தப்பு என்று. மாங்காய் உதாரணத்தைக்கூட விளக்க ஆரம்பித்தேன், வாத்தியார் புத்தி! அவள் கையை நிறுத்தவில்லை.

"தெரியும் சார். எங்க மாமியார் காலத்துலேர்ந்து தெரியும்."

"அப்புறம் ஏம்மா அன்னைக்குச் சந்தையில் வாயே திறக்கலை? என்னை எதிர்த்துக் கேட்டிருக்கலாமே?"

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"அந்த வார்த்தய நான் வுட்டிருக்கக் கூடாது சார். சோளத்துக்கு எங்க வூட்டுல அப்டித்தான் சொல்லுவாங்கோ. வேற பேரு எனுக்குத் தெரியாது. நீ கதவ சாத்திகினப்புறம்தான் ஒறச்சுது, யாராண்ட போயி இன்னா வார்த்த சொல்லிகினு வந்துட்டோம்னு. ரெண்டு நாளு சோறு எறங்கல. அப்புறம் சந்தைல நீ அப்டி சொன்ன பாரு, செரி, நான் சொன்னதுக்கு இது செரியாப் போச்சுன்னு வந்துட்டேன்."

அவள் செய்யாத குற்றத்துக்குத் தண்டனையை அவளே ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். நானோ செய்த குற்றத்தை ஆறு நாள் அடைகாத்திருக்கிறேன்.

"நான் என்ன செய்யணும் சொல்லும்மா. என்ன வேணும்னாலும்."

"ஒண்ணே ஒண்ணுதான் சார். வர்ற வெள்ளிக்கெழம சந்தைக்கு வந்து, வெத சுத்தம், தூளு பட்டுத்தான் இப்டி ஆச்சுன்னு துளசிங்கத்தாண்ட ஒரு வார்த்த சொல்லிடு. நான் சொன்னா ஏறாது. நீ சொன்னா ஏறும். அடுத்த ஐப்பசிக்கு நான் அங்க போயி குந்தணும் இல்ல?"

"வரேன்" என்றேன். இரண்டு முறை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை போனேன். போகாமல் இல்லை. பல்லாவரம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, ரோட்டைத் தாண்டாமல் நின்று பார்த்தேன். அவள் தன் பழைய இடத்தில் கோணி விரித்திருந்தாள். விற்க ஒன்றுமில்லை. முன்னால் ஒரு முறம். அதில் ஒரு பக்கம் வெள்ளை மணி, ஒரு பக்கம் மஞ்சள் மணி. எனக்குப் பாடம் நடத்த வசதியாக எடுத்து வந்திருக்கிறாள். துளசிங்கம் குந்தியிருந்தான். இன்னும் பத்துப் பேர். அவர்களுக்குப் பக்கத்தில், பூண்டு பேரம் பேசிக்கொண்டு, எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் ஏசுதாசன்.

ஏசுதாசனைப் பார்த்ததும் ரோட்டைத் தாண்ட எடுத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தாவரவியல் வாத்தியாருக்குச் சோளக்காரி பாடம் எடுத்தாளாமே என்பார். சிரிப்பார்கள். ஒரு வாரம் சிரிப்பார்கள். அவ்வளவுதானே? அவ்வளவுதான். அந்த ஒரு வாரச் சிரிப்பைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. பச்சையம்மா ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் எட்டி எட்டிப் பார்த்தாள். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களைத்தான் பார்த்தாளே தவிர, ஸ்டாப்புக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற என்னைப் பார்க்கவில்லை. கால் மணி நேரம் நின்றேன். பிறகு திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு பச்சையம்மா பல்லாவரம் சந்தையில் கதிர் விற்கவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கரி அடுப்பு வைத்து, மொத்தக் கடையில் வாங்கிய கதிரைச் சுட்டு விற்றாள். தன் நிலத்தில் பால் சோளம் நாலு வரிசை மட்டும், வீட்டுக்கும் விதைக்கும் என்று, தொண்ணூற்று நாலில் மகள் வீட்டோடு போகும்வரை போட்டாள். அங்கே இப்போது எட்டு வீடு நிற்கிறது. நானும் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை அந்தச் சந்தைக்குப் போனேன். துளசிங்கத்தைப் பார்த்தேன். பேசினேன். மழை, விலைவாசி, அவன் அண்ணன் மகள் கல்யாணம், எல்லாம் பேசினேன்.

ஆனால் நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருப்பது அதெல்லாம் இல்லை. அந்த வெள்ளிக்கு மறுநாள் காலை. நான் தூங்குகிறவன் மாதிரி எட்டு மணி வரை படுத்திருந்துவிட்டுக் கொல்லைக்கு வந்தேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் எருமைக்குத் தட்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், நான் யோசித்து வைத்திருந்த பொய்யைச் சொல்லும் முன்னால் அவளே பேசினாள்.

"இன்னா சார், நேத்து இஸ்கூல்ல வேலை வந்துட்ச்சா? அவனுங்க ஒரே சிரிப்பு, சாரு வரமாட்டாரு, நீ புளுகுறேன்னு. நான் வுடல. சாரு அப்டிப்பட்டவரு இல்லடா, வேலை வந்திருக்கும்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஆமாம்மா" என்றேன். "வேலை வந்துடுச்சு."